132-ஆவது டைரோசினின் நிதானம்

துறையின் மூத்தோர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரங்கில் தலைமை ஏற்பது எவருக்கும் பெருமை. உள்ளூரச் சற்று நடுக்கமும்தான். மாநாட்டின் பொருள் ‘ஏற்பி முதல் ஜீன் வரை’. டி செல் ஏற்பி, எல்சிகே, ஸாப்-70, லாட், எஸ்எல்பி-76, பிறகு கால்சியமும் ராஸும் என்னும் வரிசை இங்கு யாருக்கும் புதிதல்ல. அதை அமர்வுகள் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தலைமை உரை லாட்டைத் தாண்டப் போவதில்லை.

1998-இல் லாரன்ஸ் சாமல்சன் குழு அந்த இணைப்புப் புரதத்தின் ஜீனைப் பிரித்தெடுத்தது. லாட் இல்லாத ஜுர்கட் செல்களில் ஏற்பியைத் தூண்டினாலும் கால்சியம் சரிவர ஏறுவதில்லை, லாட்டைத் திருப்பித் தந்தால் ஏறுகிறது என்று அதே ஆண்டு ஆர்தர் வைஸின் ஆய்வகம் காட்டியது. லாட்டுக்கு என்சைம் திறன் கிடையாது. அதனாலேயே அது பிறர் வந்து அமரும் திண்ணை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. திண்ணை இருக்கும் இடம் பற்றியே பெரும் விவாதம் நடந்தது: லிப்பிட் ராஃப்டிலா, வெளியிலா?

ராஃப்ட் கட்சியினர் பலர் இங்கே இருக்கிறார்கள். சவ்வருகே உள்ள சிஸ்டீன்களை மாற்றினால் லாட் செயலிழக்கிறது என்ற அவர்களது முடிவு உறுதியானது. ஆனால் சிஸ்டீன் போனால் லாட் சவ்வுக்கே ஒழுங்காக வந்து சேர்வதில்லை. லாட்டைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான வெய்குவோ ஜாங், 2005-இல் ராஃப்டில் சேராத லாட்டைக் கொண்டே டி செல் வளர்ச்சி நடக்கும் எனக் காட்டினார். அந்தக் கட்டுரைக்கு நேராகப் பதில் சொல்லாமல் கடந்துபோவது முறையல்ல.

இடத்தைவிட நேரமே முக்கியம் என்பது இவ்வுரையின் வழக்கு.

2002-இல் வெளிவந்த எலிகள் அதற்கு முதல் சாட்சி. லாட்டை முழுவதும் நீக்கினால் முதிர்ந்த டி செல்களே இல்லை என்பது முன்பே தெரிந்தது. எலியின் 136-ஆவது டைரோசினை, அதாவது பிஎல்சி காமா 1 வந்து பற்றும் இடத்தை மட்டும் மாற்றினால் கதை தலைகீழ்: சிடி4 செல்கள் பெருகி, மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கி, இன்டர்லூக்கின்-4 மிகுந்து சுரக்கிறது. முடுக்குவதோடு அடக்குவதும் லாட்டின் வேலை. வெறும் திண்ணைக்கு இது கைகூடுமா?

நேரம் இங்கேதான் வருகிறது. மனிதரில் அதே டைரோசின் 132-ஆவது. அதற்கு முன்னே கிளைசின் நிற்கிறது. ஸாப்-70 விரும்புவது அமிலத்தன்மையுள்ள அண்டை. ஆகவே அங்கே பாஸ்பேட் மெதுவாகத்தான் ஏறுகிறது. அந்தக் கிளைசினை அஸ்பார்டேட்டாக மாற்றியதும் வேகம் கூடியது, வலுவற்ற ஆன்டிஜெனுக்கும் டி செல் விழித்தது என்று வைஸின் குழு 2019-இல் எழுதியது. தன்னுடையதையும் அயலையும் பிரித்தறியும் அவகாசம் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. ஒற்றை அமினோ அமிலம் இவ்வளவையும் சுமக்கும்போது லாட்டைத் துணைப்பாத்திரம் என்று எழுதலாகாது.

2016-இல் லாட் குறைபாட்டுடன் பதிவான குழந்தைகளிடம் நோயெதிர்ப்புக் குறையும் தன்னுடல் தாக்குதலும் சேர்ந்தே தென்பட்டன. இரண்டையும் ஒரே கணக்கில் விளக்க வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. ராஃப்ட் அளவீடு செய்பவர்களும் பாஸ்பேட் ஏறும் வேகத்தை அளப்பவர்களும் ஒரே செல்லில், ஒரே வேளையில் அளக்கும் சோதனையை இந்த மாநாடு முடிவதற்குள் வகுத்துத் தர வேண்டும் என்று கேட்டு, முதல் அமர்வு தொடங்கிவைக்கப்படுகிறது.