பாலைவனமும் இரும்புப் பாதையும்

(தாராவியில் திரையிடலுக்குப் பின் ஆற்றப்பட்ட உரை)



ஜோர்டானின் தெற்கே உள்ள செம்மணல் பாலைவனம் வாதி ரம். 1962இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படமாக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. அப்படத்தில் பிரிட்டிஷ் அதிகாரியே நாயகன். அரபு மக்கள் அவன் பின்னே செல்லும் கூட்டம். அதே நிலத்தில் இயக்குநர் நாஜி அபு நோவார் எடுத்த அரபு மொழிப் படம் 'தீப்' (2014). ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஜோர்டான் படம் இதுவே. நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத பெதூயின் மக்கள். இப்படத்தில் பிரிட்டிஷ் அதிகாரி பாதி வழியிலேயே மடிகிறான். கதை ஒரு பெதூயின் சிறுவனோடு தொடர்கிறது.

ஆண்டு 1916. அதிகாரிக்கு வழிகாட்டச் சென்ற அண்ணன் ஹுசைனைக் கொள்ளையர் சுட்டுக் கொல்கின்றனர். தம்பி தீப் கிணற்றில் விழுந்து உயிர் தப்புகிறான். பின்னர் காயமுற்ற நிலையில் ஒட்டகத்தின் மீது வந்து சேர்பவன் அக்கொள்ளையருள் ஒருவன். பிரிந்தால் இருவருக்கும் சாவு உறுதி. எனவே அண்ணனைக் கொன்ற கூட்டத்தானோடு சிறுவன் பயணம் செய்கிறான்.

அந்தக் கொள்ளையன் யார்? முன்பு மெக்காவுக்குச் செல்லும் பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைத்தவன். டமாஸ்கஸிலிருந்து புறப்பட்ட ஹிஜாஸ் ரயில் பாதை 1908இல் மதீனாவை எட்டியது. வாரக்கணக்கில் நீண்ட பயணம் சில நாள்களில் முடிந்தது. பயணிகளுக்கு அது நன்மையே. ரயிலைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வழிகாட்டிகள் இனி எவ்வாறு பிழைப்பார்கள் என்று பாதை அமைத்த அரசு கேட்கவில்லை. பிழைப்பிழந்தவன் துப்பாக்கி ஏந்தினான். அதற்கு இரையானவனோ அவனைப் போன்ற இன்னொரு பெதூயின். இறுதியில் சிறுவனும் அவனையே சுடுகிறான். இவர்கள் இவ்வாறு ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட அதே 1916இல்தான் பிரிட்டனும் பிரான்சும் சைக்ஸ்-பிகோ இரகசிய ஒப்பந்தத்தின் வழியே அப்பகுதியைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன.

தாராவித் தோழர்களுக்கு இக்கதை தொலைவில் நிகழ்ந்ததன்று. தோல், மட்பாண்டம், தையல், மறுசுழற்சி என உழைத்து வாழும் மக்களின் நடுவே மறுசீரமைப்புத் திட்டம் வருகிறது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள் வீடு. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே. ஒரே சந்தில், ஒரே ஏணியைப் பயன்படுத்துவோர் இரு பட்டியல்களாகப் பிரிக்கப்படுகின்றனர். கீழ்வீட்டார் மேல்வீட்டாரைப் பகைத்தால் இலாபம் காண்பது கட்டுமான மூலதனம் மட்டுமே.

நல்ல வீடும் கழிவறையும் வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. வீட்டோடு தொழிலும் காக்கப்பட வேண்டும். தரைத்தளம், மேல்தளம் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே கோரிக்கையின்கீழ் நிற்க வேண்டும். கிளைத் தோழர்கள் ஒவ்வொரு சந்திலும் முதலில் பேச வேண்டியது இதுவே.