பசுமைக் கட்டடம் நம் மொட்டைமாடியில் தொடங்கட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பசுமைக் கட்டடம் என்றதும், "அதெல்லாம் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு, நமக்கு எதற்கு?" என்று கேட்கத் தோன்றும்.

ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் இருக்கிறது. 2004-ல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற முதல் கட்டடம் அதுதான். அங்கே என்ன விசேஷம்? நடுவில் முற்றம், காற்றும் வெளிச்சமும் நுழையும் ஜாலிச் சுவர், கூரைமேல் தோட்டம், கழிவுநீரைச் செடிகளின் வேர் வழியே சுத்தம் செய்யும் ஏற்பாடு. முற்றமும் காற்றோட்டமும் நம் ஊர்ப் பழைய வீடுகளுக்குப் புதிதா என்ன?

நம் குடியிருப்பை இடித்துக் கட்ட முடியாது. ஆனால் இரண்டு காரியங்கள் செய்யலாம்.

முதலாவது, மழைநீர். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 5,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 465 சதுர மீட்டர். ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் சுமார் 3,70,000 லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் 30 லோடு! தமிழகத்தில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. ஆனால் தொட்டியில் உள்ள மணலும் ஜல்லியும் சேறு பிடித்துக்கொண்டால், குழாய் இருந்தும் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும். நம் போர்வெல் நிலத்தடி நீரை இழுக்கிறது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றவும் தண்ணீர்தான் வேண்டும். நாம் நிலத்துக்குத் திருப்பித் தருவது ஊருக்கே தருவது.

இரண்டாவது, வெயில். கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி, இரவில் மேல்மாடி வீடுகளுக்குள் இறக்குகிறது. வெள்ளை நிறக் கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். ஏ.சி. ஓடும் நேரம் குறையும். அந்த அளவுக்கு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் குறையும், புகையும் குறையும்.

மேல்மாடிக்காரர்களின் பிரச்சினைதானே என்று கீழ்வீட்டார் நினைக்க வேண்டாம். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது.

ஐப்பசி மழைக்கு முன் தொட்டியைத் தூர்வாரி, புது ஜல்லியும் மணலும் போடுவோம். அடுத்த கோடைக்குள் பெயிண்ட் அடிப்போம். இரண்டுக்கும் பராமரிப்பு நிதியில் இடம் ஒதுக்க இன்றே ஒப்புதல் தாருங்கள்.