எட்டி நின்று கற்ற தாட்சாயணி வேலாயுதன்

(கல்விச் சங்க வெள்ளிவிழாவில் நிகழ்த்திய உரை)



வரலாற்றில் புகழ்பெற்ற பெண்மணிகள் என்றவுடன் அரசியரும் வீராங்கனையரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அவர்தம் பெருமையைப் பாடநூல்கள் போதிய அளவு கூறுகின்றன. ஆதலின், இன்று நாம் ஒரே ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எண்ணிப் பார்ப்போம். அவர் அரண்மனையில் பிறந்தவரல்லர். நம்மைப் போல் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியில் பிறந்தவர்.

1913 ஆம் ஆண்டில் கொச்சி சமஸ்தானத்துப் புலையர் குல மக்கள், தம் குறைகளைப் பேச ஒன்றுகூட விரும்பினர். மன்னரின் மண்ணில் கூடுவதற்கு அவர்களுக்கு இடமில்லை. என் செய்தனர்? காயலில் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, நீரின்மேல் மாநாடு நடத்தினர்! 'காயல் சம்மேளனம்' என்று கேரள மக்கள் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். அதற்கு முந்தைய ஆண்டு, 1912 ஜூலை 4 ஆம் நாள், எறணாகுளத்தை அடுத்த முளவுகாடு என்னும் தீவில் அதே குலத்தில் பிறந்தவரே தாட்சாயணி அம்மையார்.

அவர் கொச்சி அரசின் உதவித்தொகை பெற்றுப் படித்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் பயின்றார். ஆய்வுக்கூடத்தில் உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளை அருகில் வைத்துக் காட்ட மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. பிறர் செய்வதை எட்டி நின்று கண்ணால் பார்த்தே கற்றார் அம்மையார். 1935 இல் அறிவியல் பட்டமும் பெற்றார். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து பட்டம் பெற்ற முதல் பெண்மணி என அவர் போற்றப்படுகிறார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார்.

பட்டம் பெற்றதோடு அவர் அமர்ந்துவிட்டாரா? இல்லை. 1935 முதல் 1945 வரை திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். எட்டி நின்று கற்ற அவர், பத்தாண்டுகள் பிள்ளைகளை அருகில் அழைத்துக் கற்பித்தார். 1945 இல் கொச்சி சட்டசபைக்கு நியமனம் பெற்றார். 1946 இல் சென்னை மாகாணத்தின் சார்பில் இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சபையில் இடம்பெற்ற பெண்கள் பதினைவர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 34.

அவையில் அவர் வாளாவிருந்தாரல்லர். 1946 டிசம்பரிலேயே எழுந்து, நம் மக்களின் சமூக இழிவுகள் உடனே அகற்றப்பட வேண்டும் என்று வாதிட்டார். பொருளாதார அடிமைகளாக நாம் இருக்கும்வரை, தனித்தொகுதி என்றாலும் கூட்டுத்தொகுதி என்றாலும் பயனில்லை என்று 1947 இல் கூறினார். எவ்வகை இடஒதுக்கீட்டையும் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. இடஒதுக்கீடு இல்லையேல் நம்மில் பலர் கல்லூரி வாயிலையே கண்டிருக்க மாட்டோம். ஆயினும், அடிமைத்தளை அறவேண்டும் என்னும் அவர் கவலை நம்முடைய கவலையே. பெருந்தலைவர்கள் நிறைந்த அவையில், தம் மனத்திற்குச் சரியெனப் பட்டதை அஞ்சாது உரைத்த அத்துணிவை நாம் வணங்குகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான குழு வகுத்த அரசியல் சட்ட வரைவையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டாரில்லை. மத்திய அரசிடம் அதிகாரம் குவிகின்றது என்று 1948 நவம்பரில் குறை கூறினார். அம்மாதம் 29 ஆம் நாள் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு அவையின் முன் வந்தபோது, அதனை மனமார வரவேற்றார். சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே அது பயன்தரும் என்பதையும் எடுத்துரைத்தார். அன்று நிறைவேறிய அப்பிரிவே இன்று அரசியல் சட்டத்தின் 17 ஆவது பிரிவாக விளங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் எட்டி நிற்க வைக்கப்பட்ட பெண், எவரையும் எட்டி நிற்கச் சொல்லலாகாது என்னும் சட்டம் பிறந்த அவையில் அமர்ந்திருந்தார்! இதனினும் பெரிய வெற்றி வேறுண்டோ?

அம்மையார் தம் பிற்காலத்தில் டெல்லியில் ஏழைப் பெண்களிடையே தொண்டு செய்து, 1978 இல் மறைந்தார்.

அன்பர்களே! அவரைப் புகழ்வது எளிது. அவர் வாழ்க்கையைக் கண்ணாடியாகக் கொண்டு நம்மை நாமே பார்த்துக்கொள்வது கடினம். ஊரார் நம்மை எட்டி நிற்கச் சொன்ன கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆனால் நம் இல்லத்துப் பெண்களை நாம் எங்கே நிற்க வைத்திருக்கிறோம்? மகன் கல்லூரிக்குச் செல்லக் கடன் வாங்குகிறோம்; மகளை மட்டும் பத்தாம் வகுப்போடு நிறுத்தி வரன் தேடுகிறோம். நம் கூட்டங்களில் தாய்மார்கள் பின்வரிசையில் அமர்கின்றனர். முடிவுகளை ஆடவர் எடுக்கின்றனர். எந்தப் பெண்ணாவது எழுந்து மாறுபட்ட கருத்தைச் சொன்னால், நம் முகம் சுளிக்கிறது. அண்ணல் வகுத்த வரைவையே ஒரு பெண் குறைகூற அன்று இடமிருந்தது. நம் செயற்குழுவின் தீர்மானத்தைக் குறைகூற இன்று இடமில்லையா?

இளைஞர்களே, உங்கள் தங்கையின் படிப்பு நிற்கப்போகிறது என்று அறிந்தால், வீட்டில் முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும். மாணவியரே, ஐயமுற்றால் கேளுங்கள், மாறுபட்டால் சொல்லுங்கள், கற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கற்பியுங்கள்.

நிற்க நிலமில்லாதபோது நீரின்மேல் கூடினர் அவர் முன்னோர். நமக்கோ இன்று நிலமும் உண்டு, கூரையும் உண்டு. இக்கூரையின்கீழ் எந்தப் பெண்ணும் எட்டி நிற்கலாகாது. அதுவே இவ்வெள்ளிவிழாவில் நாம் ஏற்கும் உறுதியாகட்டும்.

வாழ்க கல்வி! வளர்க சமத்துவம்!