தூதுவரும் நம்பிக்கையும்



தூது என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் வள்ளுவப் பெருந்தகை தூதனிடம் அமைய வேண்டிய அன்பையும் அறிவையும் சொல்வன்மையையும் அஞ்சாமையையும் எடுத்துரைத்தாரேயன்றி, அவனை அனுப்பும் வேந்தன் அவனுக்கு ஆற்ற வேண்டிய கடமை யாதென்று அவ்விடத்தில் விரித்துரைக்கவில்லை. அது சொல்லாமலே விளங்கும் என்று அவர் கருதியிருக்கக் கூடும். ஆயினும், நம் காலத்து ராஜதந்திரிகளுக்கு நேர்ந்த இடர்களை ஆராயுந்தோறும், அவற்றுள் கொடியவை அவர்தம் சொல்லைக் கேட்க வேண்டியவர்களின் அவநம்பிக்கையில் முளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1950ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நள்ளிரவில், பீக்கிங் நகரில் பாரதத்தின் ஸ்தானிகராயிருந்த சர்தார் கே. எம். பணிக்கர் உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, சீனப் பிரதமர் சூ என்லாயின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்கப் படைகள் வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது அட்சரேகையைக் கடக்குமாயின் சீனா யுத்தத்தில் இறங்கும் என்பதே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி. தென் கொரியர் மட்டும் கடந்தால் அது வேறு விஷயம் என்ற நுட்பமும் அதில் அடங்கியிருந்தது. பீக்கிங்கில் அமெரிக்காவுக்குத் தூதரகம் இல்லாத காலம் அது. தில்லி வழியாக வாஷிங்டனை எட்டிய அவ்வெச்சரிக்கை, பணிக்கர் சீனர்பால் பட்சபாதமுடையவர் என்ற எண்ணத்தினால் அங்கே மதிப்பிழந்தது. சில தினங்களில் அமெரிக்கப் படைகள் அவ்வெல்லையைக் கடந்தன. அம்மாதம் 19ஆம் நாள் சீனச் சேனை யாலு நதியைத் தாண்டத் தொடங்கியது. 1953 ஜூலை 27 வரை பீரங்கிகள் ஓயவில்லை. பணிக்கரின் அனுதாபம் சீனாவின் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை நான் மறுக்க வரவில்லை. ஆனால், அவரிடம் நம்பிக்கை வைத்ததனாலன்றோ சூ என்லாய் அவ்வேளையில் அவரை அழைத்தார்! ஓரிடத்தில் கதவைத் திறந்துவிட்ட அந்த நெருக்கமே மற்றோரிடத்தில் கதவை அடைத்துவிட்டது. ஸ்தானிகர் உத்தியோகத்தின் ஆறாத வேதனை இது.

வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் அனடோலி தோப்ரினின் பட்ட துன்பம் வேறு வகை. 1962இல் கியூபாவில் அணு ஏவுகணைகள் இறக்கப்பட்டதை அவருடைய அரசாங்கமே அவரிடம் மறைத்தது. அத்தகைய ஆயுதங்கள் அங்கில்லை என்று வாஷிங்டனில் அவர் மனமறிந்து பொய்யுரைத்தாரில்லை, தாம் அறிந்ததையே உரைத்தார். உலகம் அழிவின் விளிம்பில் நின்ற நாட்களில் அவருடைய சங்கேதத் தந்திகள் சைக்கிளில் வந்த தந்திச் சேவகனின் கையிலே சென்றன. மறு ஆண்டு அமெரிக்க, சோவியத் தலைநகரங்களுக்கிடையே நேர் தொலையச்சு இணைப்பு அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. இன்றோ தலைவர்கள் கைப்பேசியிலேயே உலகறியப் பேசிவிட, தம் நாட்டின் கொள்கை மாறியதைத் தூதுவர் பத்திரிகை நிருபரோடு சேர்ந்தே அறிந்துகொள்கிறார்.

உள்ளதை எழுதுவோர்க்கும் பாதுகாப்பில்லை. 2010இல் அமெரிக்கத் தூதரகங்களின் இரகசியத் தந்திகள் இரண்டரை லட்சத்துக்கு மேல் வெளியார் கைக்குப் போயின. மெக்ஸிகோவிலிருந்த தூதர் கார்லோஸ் பாஸ்குவல், அந்நாட்டுப் பாதுகாப்புப் படைகளிடையே ஒத்துழைப்பில்லை என்று தம் மேலிடத்துக்கு அந்தரங்கமாக எழுதியது அம்பலமாகி, அந்நாட்டு அதிபர் வெளிப்படையாகச் சினந்தமையால் 2011 மார்ச்சில் பதவி துறந்தார். அவருக்குப் பின் அவ்விருக்கைக்கு வந்தவர், தம் முதல் அறிக்கையை எழுத அமர்ந்தபோது எத்தனை வாக்கியங்களை எழுதாமலே விட்டிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.