தாழ்ந்த ஒலியும் அண்டை வீடும்

வீட்டில் இருந்தபடியே நல்ல சங்கீதத்தைக் கேட்க வேண்டும் என்னும் ஆசை நம்மவருக்குப் புதியதன்று. சொந்த ஊரைவிட்டு வெளியே குடியேறி வாழும் தமிழரிடத்தே அவ்வாசை சற்று மிகுதி என்றே சொல்லலாம். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் அல்சூரிலும் வாழ்வோர்க்குச் சபைக் கச்சேரி நினைத்த நாளெல்லாம் கிடைப்பதில்லை. ஆகவே இசைப் பெட்டியே அவர்கள் வீட்டுச் சபையாக விளங்குகிறது. அண்மைக் காலத்தில் அந்தச் சபைக்குள் புதிய வித்துவான் ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் பெயர் சப்வூஃபர். மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென்றே அமைந்த பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி அது. அவரை மற்ற வித்துவான்களோடு சுருதி சேர்த்து உட்கார வைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இவர் எதற்காக வேண்டும் என்று பார்ப்போம். மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது பொதுவான கணக்கு. விநாடிக்கு ஓர் அதிர்வு என்பதை ஒரு ஹெர்ட்ஸ் என்பர். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகின்ற ஆண் பாடகரின் தம்புராவில், மந்தரத் தந்தி ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. திரைப்பட இசையில் வரும் டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். நான்கு அங்குல வாய் கொண்ட சிறிய ஒலிபெருக்கிகளால் இவற்றை எழுப்ப இயலாது. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதே உரப்பைத் தருவதற்கு ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சிறிய கூம்பு அவ்வளவு அசைய முடியாமல் களைத்துவிடுகிறது.

அப்படியானால், சின்னஞ்சிறு டிரான்சிஸ்டரில் நாம் மிருதங்கத்தையும் தம்புராவையும் இனங்கண்டு மகிழ்ந்தது எவ்வாறு என்று கேட்கலாம். அது செவியின் வல்லமை. அடிப்படை ஒலி காணாமற்போனாலும், அதன் மேலெழும் கிளை ஒலிகளைக் கொண்டு மனம் அடிப்படையை ஊகித்துக் கொள்கிறது. திருவனந்தபுரத்தில் 1943-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த நிலையத்தின் நிகழ்ச்சிகளை, அந்நாளில் சிறிய பெட்டிகளில் கேட்டு மகிழ்ந்தவர்கள் அனைவரும் இந்த ஊகத்தின் துணையால்தான் தொப்பியின் நாதத்தை அனுபவித்தார்கள். ஊகித்த நாதம் வேறு. காற்றே அசைந்து உடலைத் தொடும் நாதம் வேறு. அந்த இரண்டாவதைத் தருவதற்கே சப்வூஃபர் வந்தது.

ஆனால் வாங்கி வைத்தவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றே: “பாட்டு கெட்டுவிட்டது; எல்லாம் கும்மென்று ஒரே முழக்கமாய் இருக்கிறது.” பெட்டியில் கோளாறு என்று கருதிச் சிலர் இன்னும் பெரிய பெட்டியை நாடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் பெட்டியிடம் இல்லை, அறையிடம் இருக்கிறது.

இதற்குத் திருவனந்தபுரத்துச் சாலையை ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய கடைத்தெரு அது. கிழக்கேகோட்டையை ஒட்டித் தொடங்கும் அத்தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய பழைய கடைத்தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவே ஒரே ஒரு சுவர் என்று இருப்பதும் உண்டு. அங்கே பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் பத்தடி உயரமும் உள்ள ஒரு கான்கிரீட் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நம் நாட்டு வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. எனவே 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 28 அடி நீளமுள்ளது. அறையைக் காட்டிலும் அலை பெரிது! அது சுவரில் மோதித் திரும்பி, பின்வரும் அலையோடு கலந்து, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஒடுங்கியும் நிலைபெற்று விடுகிறது. நம் அறையின் நீளம் 38 ஹெர்ட்ஸை ஓங்கச் செய்யும். அகலம் 57 ஹெர்ட்ஸை ஓங்கச் செய்யும். உயரமும் பத்தடியே ஆதலால் அதுவும் அதே 57-க்குத் துணை போகும். இதனால் 57-ஐ ஒட்டிய ஒவ்வோர் ஒலியும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு முழங்கும். வாசிப்பு நின்ற பின்னும் நீடிக்கும். வேடிக்கை என்னவெனில், சுவரோரம் அமர்ந்தவருக்கு அம்முழக்கம் பொறுக்க முடியாததாக இருக்கும்போது, அறையின் நட்ட நடுவில் அமர்ந்தவருக்கு அதே ஒலி இல்லாமலே போய்விடும். மரப்பலகைத் தட்டும் ஓட்டுக் கூரையுமாய் இருந்த பழைய வீடுகள் தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். கான்கிரீட்டோ பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும்.

இடத்துக்கும் இசைக்கும் உள்ள இந்த உறவை நம் முன்னோர் அறியாமல் இல்லை. சாலையிலிருந்து சில நிமிட நடையில், பத்மநாபசுவாமி கோயிலின் அருகே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் உள்ள பத்மநாபபுரத்திலிருந்து ஆண்டுதோறும் சரஸ்வதி எழுந்தருள, சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒலிக்கும் இடம் அது. அதன் கூரையின் கீழ் மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. நாதம் நன்கு அமைவதற்காகச் செய்த ஏற்பாடு என்று அதனைக் கூறுவர். வெறும் பானை ஒவ்வொன்றும் தன் வயிற்றின் அளவுக்கும் வாயின் அளவுக்கும் ஏற்ற ஓர் ஒலிக்கு மட்டும் இசைந்து அதிரும் என்பதை, ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கினார். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் நாதத்தை மாற்றுவது இந்த இயல்பைக் கொண்டுதான்.

மண்டபத்துக்குப் பானை உண்டு. வாடகை அறைக்கு என்ன செய்வது? இங்கேதான் டிஜிட்டல் சிக்னல் பிராசஸர் துணைக்கு வருகிறது. சுருக்கமாக டி.எஸ்.பி. என்பர். ஒலியைக் குறிக்கும் மின் அலையை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, அவ்வெண்களைப் பெருக்கியும் கூட்டியும் நினைவில் சற்று நிறுத்தியும் மீண்டும் மின் அலையாக்கித் தரும் கணக்கன் அது. ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தின் விலையுயர்ந்த கருவி; இன்றோ உள்ளங்கையில் அடங்கும் சிறு பலகையாகவும் கிடைக்கிறது; சினிமாப் படங்களுக்கான ரிசீவர்களின் உள்ளேயும் அமைந்திருக்கிறது. அதன் வேலைகள் நான்கு.

முதல் வேலை, எல்லை பிரிப்பது. இதனைக் கிராஸ்ஓவர் என்பர். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைச் சப்வூஃபரிடமும், மேலுள்ளதைச் சிறிய பெட்டிகளிடமும் அது ஒப்படைக்கிறது. 80-க்குக் கீழ் உள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆகவே பெட்டி மூலையில் இருந்தாலும் பாட்டு பாடகரிடமிருந்தே வருவதாகத் தோன்றும். எல்லையில் இரு பக்கமும் மேடு பள்ளமின்றிச் சேரும் முறையை ஹ்யூலட்-பாக்கர்டு நிறுவனத்தில் பணியாற்றிய லிங்க்விட்ஸ், ரைலி என்னும் இரு பொறியாளர்கள் வகுத்தனர். லிங்க்விட்ஸ் 1976-இல் அதனை வெளியிட்டார். இன்றும் அம்முறையே பெரிதும் கையாளப்படுகிறது.

இரண்டாவது வேலை, காலத்தை ஒத்திசைப்பது. ஓரடி தூரம் கடக்க ஒலிக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கிறது. சிறிய பெட்டிகள் ஆறடியிலும் சப்வூஃபர் ஒன்பதடியிலும் இருந்தால், அருகில் உள்ளவற்றைச் சற்றேறக்குறைய இரண்டே முக்கால் மில்லிவிநாடி தாமதிக்கச் செய்ய வேண்டும். இவ்வளவு நுண்ணிய நேரம் என்ன கெடுத்துவிடும் என்று எண்ணலாம். 80 ஹெர்ட்ஸில் ஓர் அதிர்வு முடிய 12.5 மில்லிவிநாடியே ஆகும். அதில் பாதி தவறிவிட்டால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும் வேளையில் மற்றது இழுக்கும். இரண்டும் சேர்ந்து மௌனமாகும். தாளம் தப்பிய இரு மிருதங்கங்களின் கதைதான் அது.

மூன்றாவது, முழக்கத்தைத் தணிப்பது. நம் அறையின் 57 ஹெர்ட்ஸ் மேட்டை அளந்து, அதே அளவு பள்ளத்தைக் கணக்கிலே வெட்டிவிட்டால் மேடு சமமாகும். நீடித்து நின்ற ரீங்காரமும் குறுகும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இடத்தில் எவ்வளவு ஊட்டினாலும் அழிவும் அவ்வளவே வளரும். பத்து டெசிபல் கூட்ட வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காவது, மட்டத்தை அமைப்பது. சப்வூஃபர் இருப்பதே தெரியாமல், அதை நிறுத்தியவுடன் மட்டும் ஏதோ குறைந்ததாகத் தோன்றினால் மட்டம் சரி எனக் கொள்ளலாம்.

கணக்கனிடம் செல்வதற்கு முன்பே செலவின்றிச் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. நீங்கள் வழக்கமாக அமரும் இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் நிறைந்த ஓர் இசைத்தட்டை ஒலிக்கச் செய்து, சுவரோரமாகக் குழந்தையைப் போல் தவழ்ந்து செல்லுங்கள். எல்லாச் சுரங்களும் ஒரே சீராகக் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். பெட்டியை அங்கே வைத்துவிட்டு உங்கள் இருக்கைக்குத் திரும்புங்கள். ஒலி இங்கிருந்து அங்கே செல்லும் வழியும், அங்கிருந்து இங்கே வரும் வழியும் ஒன்றே ஆதலால், அதே சீர் இப்போது உங்கள் செவிக்குக் கிடைக்கும். வீட்டார் நகைப்பார்கள், நகைக்கட்டும். இடம் தேர்ந்த பின் அளவு மைக்கைக் கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற மென்பொருளால் அளந்து பார்க்கலாம். ஓர் இருக்கையில் மட்டும் அளந்து நிறுத்தாமல், வீட்டார் அமரும் எல்லா இருக்கைகளிலும் அளந்து சராசரி காண்பது உத்தமம். ஒருவருக்கு அமுதமும் மற்றவருக்கு இடியுமாய் அமைவது நல்ல சபைக்கு அழகன்று.

இனி, சபைக்கு வெளியே உள்ளவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவே என் பேச்சின் முக்கியப் பகுதி. உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வலிமை சாதாரணச் சுவருக்கு மிகக் குறைவு. பாட்டின் சொல் அடுத்த வீட்டை எட்டாது. அதன் இடி மட்டும் எட்டும். பாடலின் இன்பம் நமக்கு, அதிர்ச்சி அண்டை வீட்டாருக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு இல்லையா என்றால், உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு விதித்திருக்கின்றன. கடைத்தெருப் பகுதிக்கு அது முறையே 65, 55. ஆனால் இவ்வளவைக் குறிக்கும் முறை மனிதச் செவியின் போக்கைப் பின்பற்றி, தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைத் தள்ளிவிட்டே அது எண்ணும். எனவே அடுத்த வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்ளும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் புத்தகத்தை மூடிவிடுவான். சட்டத்தின் கருவியோ தவறொன்றும் காணாமல் இருக்கக் கூடும். சட்டம் கேளாத ஒலியை மனச்சாட்சிதான் கேட்க வேண்டும்.

நன்கு சுருதி சேர்ந்த அமைப்பின் பெரும்பயன் இங்கேதான் விளங்குகிறது. சீரற்ற அமைப்பில் காணாமற்போன சுரத்தைத் தேடி நாம் ஒலியைக் கூட்டுகிறோம். ஓங்கிய சுரம் சுவரைத் துளைக்கிறது. சீரான அமைப்பில் குறைந்த ஒலியிலேயே எல்லாச் சுரமும் கிடைக்கின்றன. ஒலி குறையக் குறையச் செவி தாழ்ந்த ஒலிகளை மேலும் குறைத்துக் கேட்கும் என்று 1933-இல் ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் காட்டினர். ஆகவே இரவில் கை தானாக விசையைத் திருகத் துடிக்கும். அத்துடிப்பை அடக்க ஒரு வழி உண்டு. பல டி.எஸ்.பி. கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். பகலுக்கு ஒன்று இருக்கட்டும். இரவுக்கு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வெட்டிய வேறொன்று இருக்கட்டும். தம்புராவின் மந்தரம் 65-இல் இருக்கிறது; அது நமக்குத் தப்பாது. பெட்டியின் அடியில் தடித்த ரப்பர் அல்லது நுரைத் தட்டு ஒன்றை இடுவதும் தரை வழியே செல்லும் அதிர்வைச் சற்றுக் குறைக்கும். எல்லாம் செய்த பின், அண்டை வீட்டாரையே அழைத்து, “உங்கள் அறையில் என்ன கேட்கிறது?” என்று விசாரிப்பதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

நேயர்களே, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் நம் இசையே பல சமயம் நமக்காகப் பேசுகிறது. சுவரின் மறுபுறம் இருப்பவர் நம் மொழியை அறியாதவராக இருக்கலாம். தம் உறக்கம் கலைந்ததா, இல்லையா என்பதை அவர் நன்கு அறிவார். கருவியை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை அளப்பதற்கும், கேட்கும் நேரத்தில் ஒரு பங்கை இடம் தேர்வதற்கும் ஒதுக்குவோமானால், அறையும் இசையும் அண்டை வீடும் ஒரே சுருதியில் நிற்கும்.