ஆப்பிரிக்காவை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

(நல்லூரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



எங்கள் இரவுப் பாடசாலைக்கு வரும் பையன் ஒருவன் நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கரும்பு வெட்டப் போகும் அவன் தாயார் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. விசாரித்தோம். வகுப்பிலே பூகோளப் பாடம் நடந்திருக்கிறது. ஆப்பிரிக்கா என்றதும் பக்கத்துப் பிள்ளைகள் இவனைக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அன்று முதல் பையனுக்கு 'ஆப்பிரிக்கா' என்றே பட்டப்பெயர். சிரித்த பிள்ளைகளும் கறுப்புத்தான், அதுதான் வேடிக்கை.

பிள்ளைகளை உட்கார வைத்து, ஆப்பிரிக்காவில் என்ன இருக்கிறது என்று கேட்டோம். சிங்கம், பாலைவனம், பஞ்சம் என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாத்தியாரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. 'இருண்ட கண்டம்' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயரைத்தான் நாங்களும் மனப்பாடம் செய்தோம்.

அது ஒரு நாடல்ல, தோழர்களே. நம் இந்தியாவைப் போல் ஒன்பது பங்கு பரப்பு. 54 நாடுகள். பேசும் மொழிகள் ஏறக்குறைய 2,000. எகிப்தியரும் எத்தியோப்பியரும் யொரூபாக்களும் ஜூலுக்களும் ஒரே ஜனங்கள் என்பது, காஷ்மீரியும் நாமும் ஒரே பாஷை பேசுகிறோம் என்பதற்குச் சமம்.

பாடத்தை எங்கே தொடங்குவது? நாங்கள் கஞ்சிச் சட்டியிலிருந்து தொடங்கினோம். நம் பாட்டன் பூட்டன் குடித்த கம்பங்கூழ் இருக்கிறதே, அந்தக் கம்பை முதன்முதலில் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கியவர்கள் சகாராவுக்குத் தெற்கே வாழ்ந்த ஆப்பிரிக்க உழவர்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய உழைப்பு அது. சோளம் சூடான் பக்கத்துப் பயிர். கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் பிறந்தது. தட்டைப்பயறும் அங்கிருந்து வந்ததுதான். பிள்ளைகள் நம்பவில்லை. ஒரு பெண் எழுந்து, "அப்போ எங்க ஆயா ஆப்பிரிக்காக் கூழா காய்ச்சுது?" என்று கேட்டாள். ஆமாம் அம்மா என்றோம்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இன்னொரு சேதி. நைஜீரியாவில் நோக் என்று ஒரு கிராமம். 1928-ல் அந்தப் பக்கத்து வெள்ளீயச் சுரங்கத்திலே சுட்ட மண் சிலை ஒன்று அகப்பட்டது. பிறகு நிறையக் கிடைத்தன. வளைந்த புருவம், துளையிட்ட கண், பின்னல் பின்னலாகத் தலைமயிர். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வயது! அத்தனை பெரிய மண் உருவத்தை வெடிக்காமல் சுட்டு எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதே ஜனங்கள் இரும்பும் உருக்கினார்கள்.

எகிப்தில், செங்கடல் கரையில், குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகம். அங்கே ஓர் உடைந்த தாழியில் பழந்தமிழ் எழுத்து இருந்தது. 'பானை உறி' என்று படித்தார்கள். அதே கரையில் பெரெனிகேயில், இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அந்த நாளிலேயே நமக்கும் அவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

இதெல்லாம் ஏன் பாடப் புத்தகத்துக்கு வரவில்லை? ஜிம்பாப்வேயில் சுண்ணாம்பு இல்லாமல் கருங்கல்லை அடுக்கி 36 அடி உயரத்துக்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். அதைக் கறுப்பர் கட்டவில்லை, வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டினார்கள் என்று வெள்ளையர் சாதித்தார்கள். கேட்டன்-தாம்ப்சன் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி 1929-ல் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர் கட்டியதே என்று சொன்னார். ஆனாலும் ரொடீஷிய வெள்ளை ஆட்சி பழைய கதையைக் கைவிடவில்லை. கட்டத் தெரியாதவன், ஆளத் தெரியாதவன் என்று சொன்னால்தானே நிலத்தையும் சுரங்கத்தையும் பிடுங்கலாம்? 1980-ல் விடுதலை பெற்ற மக்கள் அந்த மதிலின் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள்.

அடிமை வியாபாரிகள் அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றியவர்கள் சுமார் ஒரு கோடியே இருபத்தைந்து லட்சம் பேர். வழியிலே செத்தவர்கள் பதினெட்டு லட்சம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதை மட்டும் சொன்னால், பரிதாபப்படுவார்கள், மதிக்க மாட்டார்கள்.

நம்மவர் கதையும் அங்கே உண்டு. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ல் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலை. 1913-ல் மூன்று பவுன் வரியை எதிர்த்துச் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு வரி ஒழிந்தது. பெருமைதான். ஆனால் அந்தக் கரும்பு விளைந்தது ஜூலு மக்களின் மண்ணில். நம்மவரிலும் சிலர் அவர்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள். இதை மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது. சேரியை ஒதுக்குகிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

வருகிற ஞாயிறு மாலை பாடசாலைத் தரையில் கோலமாவால் ஆப்பிரிக்காப் படம் பெரிதாகப் போடப்போகிறோம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிள்ளை நின்று அந்த ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் சோளம், கேழ்வரகு, தட்டைப்பயறு ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். விளைந்த இடத்திலே வைப்போம். கம்பங்கதிருக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம். அதை அந்தப் பையன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.