பெண்ணுக்கும் பங்கு உண்டு
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் சட்டம் படித்தவனல்ல. பௌதிகம் படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்தவன். கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தில், கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை பிள்ளைகளுக்கே இருந்தது. தமிழ்நாடு 1989-ல் பெண்களுக்கும் கொடுத்தது. முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தப்படி, மணமான பெண்ணும் பிறப்பாலேயே சம பங்குதாரர். அன்று தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளுக்குப் பாதிப்பில்லை.

சட்டம் தெளிவு. நம் அகங்களில்? பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்த கையோடு பெண்ணிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறோம். "கல்யாணத்துக்குச் செலவழித்தோமே" என்கிறோம். பிள்ளையின் இஞ்சினீயரிங் படிப்புச் செலவை அவன் பங்கில் கழிக்கிறோமா?

பெண் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அது அவள் இஷ்டம். பிறந்தக உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்து விட்டுக்கொடுத்தல் ஆகாது.

பெற்றோரே, இருக்கும்போதே இருவரையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். சகோதரர்களே, பத்திரத்தைப் படித்துப் பார்க்க அவளுக்கு அவகாசம் கொடுங்கள்.